உளப்பிறழ்வும் மனச்சோர்வும் ஏன் வருகின்றன? சுங்கை சிப்புட் தோட்டத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரெசராக (தோட்ட மருத்துவ உதவியாளராக) வேலை பார்த்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்தில் மக்களோடு உட்கார்ந்து உடல்நலம், மனநலம் பற்றிப் பேசி வருகிறேன். இனிப்புநீரை (நீரிழிவை)ப் பற்றி எல்லாரும் எல்லார் முன்னிலையிலும் கேட்பார்கள். மனநோயைப் பற்றிய கேள்விகள் மட்டும் கூட்டம் கலைந்த பிறகு, செருப்பு மாட்டும் இடத்தில், தணிந்த குரலில் வரும். அப்படி வந்தவற்றுள் அடிக்கடி எழுந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் அண்ணனுக்கு 19 வயதில் மனச்சிதைவு என்னும் மனநோய் வந்தது. ஆகவே கேட்டவர்களின் தயக்கம் எனக்குப் புதியதன்று.

உளப்பிறழ்வும் மனச்சோர்வும் ஒன்றா?

இல்லை. உளப்பிறழ்வு என்பது மெய்யுலகோடு உள்ள பிடி தளர்ந்துபோகும் நிலை. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, அண்டை வீட்டார் தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு கோவையில்லாமல் சிதறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருதுருவ மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்), போதைப்பொருள் என்று பல வழிகளில் அது வரலாம். மனச்சோர்வு என்பது இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி, துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்து, தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் பாதிக்கும் நோய். நம்மவர்கள் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லைக் கடன் தொல்லைக்கும் இந்த நோய்க்கும் சேர்த்துப் பயன்படுத்துவதால், நோய் வந்தவரையும் "கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். கடுமையான மனச்சோர்வில் உளப்பிறழ்வும் சேர்ந்து வருவது உண்டு.

என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு இருந்தது. அது பரம்பரை நோய்தானே? என் பிள்ளைகளுக்கு வருமா?

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் கேட்கப்படுவது இதுதான். பாதி உண்மையோடும் பாதி அச்சத்தோடும் கேட்கப்படுவதும் இதுதான். ஆகவே கணக்கைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பொதுமக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சிதைவு வருகிறது. 1920 முதல் 1987 வரை ஐரோப்பாவில் நடந்த குடும்ப ஆய்வுகளையும் இரட்டையர் ஆய்வுகளையும் எர்விங் காட்டஸ்மன் என்ற ஆய்வாளர் ஒன்றாகத் தொகுத்தார். அவருடைய கணக்கின்படி, உடன்பிறந்தவருக்கு நோய் இருந்தால் 100க்கு சுமார் 9 பேருக்கும், தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் 100க்கு சுமார் 13 பேருக்கும், சித்தப்பா, மாமா, அத்தை போன்றோருக்கு இருந்தால் 100க்கு சுமார் 4 பேருக்கும் அது வந்தது. பிற்கால ஆய்வுகள் சில இதைவிடக் குறைந்த எண்களையே தந்துள்ளன. அதாவது பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருக்கும் பிள்ளைகளில் 100க்கு 85க்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் வருவதில்லை. மறுபக்கம், மனச்சிதைவு உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தாய் தந்தை இருவருமே அந்நோய் இல்லாதவர்கள். "எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இல்லையே, இவனுக்கு எப்படி?" என்று கலங்கும் வீடுகள் நினைவில் வைக்க வேண்டிய எண் அது.

ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள் மரபணுவில் ஏறக்குறைய ஒரே அச்சு. அவர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது, காட்டஸ்மன் தொகுப்பில் பாதிப் பேருக்கு. டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டை வைத்து 2018இல் வெளிவந்த ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு. இரத்தமே விதி என்றால் இந்த எண் 100 ஆக இருந்திருக்க வேண்டும்.

மனச்சிதைவு "80 விழுக்காடு மரபு சார்ந்தது" என்று சில இடங்களில் படித்திருப்பீர்கள். ஒரு பிள்ளைக்கு நோய் வருவதற்கு 80 விழுக்காடு வாய்ப்பு என்று அதைப் புரிந்துகொண்டு ஒரு தாய் என்னிடம் அழுதிருக்கிறார். அதன் பொருள் அதுவன்று. ஒரு மக்கள்கூட்டத்தில் இந்நோய்க்கு ஆளாகும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் மரபணு வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதையே அந்த எண் சொல்கிறது. தனி ஒருவரின் தலையெழுத்தை அது சொல்வதில்லை. மனச்சோர்வில் அந்தப் பங்கு இன்னும் குறைவு, சுமார் 37 விழுக்காடு.

ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் 'மங்கு' என்ற கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். சிலருடைய மங்கில் பிறக்கும்போதே பாதி நிறைந்திருக்கிறது, சிலருடையதில் அடியில் சிறிதுதான் இருக்கிறது. அதன் மேல் வாழ்க்கை ஊற்றுவதெல்லாம் சேர்ந்து விளிம்பைத் தாண்டும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. பாதி நிறைந்த மங்கோடு பிறந்தவரும் வழியாமலே வாழ்ந்து முடிக்கலாம்.

அந்த மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களா? இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

ஒரு மரபணு என்று எதுவும் இல்லை. பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாக நடத்திய தேடலில் 2014இல் மனச்சிதைவோடு தொடர்புடைய 108 மரபணு இடங்களும், 2022இல் 287 இடங்களும் கண்டறியப்பட்டன. ஒவ்வொன்றும் ஆபத்தை மிகச் சிறிதளவே கூட்டுகிறது. அவற்றுள் ஒன்றான சி4 என்னும் மரபணு நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தது. வளரிளம் பருவத்தில் மூளை தன் தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் களையும் வேலையோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்நோய் ஏன் பெரும்பாலும் பதினெட்டிலும் இருபதிலும் தலைகாட்டுகிறது என்பதற்கு அது ஒரு விளக்கமாக அமையலாம்.

அரிதான விதிவிலக்குகள் உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு உளப்பிறழ்வு நோய் வருகிறது. இவர்களுக்குப் பெரும்பாலும் பிறவியிலேயே இதயக் கோளாறோ அண்ணப் பிளவோ இருக்கும் என்பதால், அத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் குழந்தை மருத்துவரிடம் இதைக் கேட்பது நல்லது. மற்றவர்களுக்கு, "வரும், வராது" என்று சொல்லும் பரிசோதனை இன்று எங்கும் இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

பெண் கொடுப்பதற்கு முன் அந்தக் குடும்பத்தில் மனநோய் உண்டா என்று விசாரிப்பது தவறா? சொந்தத்தில் திருமணம் செய்தால் ஆபத்து கூடுமா?

விசாரிப்பது உங்கள் உரிமை. ஆனால் மேலே சொன்ன எண்களைத் தெரிந்துகொண்டு விசாரியுங்கள். என் அண்ணனின் நோய் தெரிந்ததும் அக்காவுக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் அடுத்தடுத்து நின்றுபோயின. தம்பிக்கு மனச்சிதைவு இருந்தால், அக்காவின் பிள்ளைகளுக்கு அது வராமல் இருக்கும் வாய்ப்பு 100க்கு 96 என்று அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என் அப்பா அதைத் தரகரிடம் நிமிர்ந்து சொல்லியிருப்பார். மறைத்துச் செய்யும் திருமணம் இதைவிடக் கெட்டது. மருந்து சாப்பிடுவதை மறைக்க மாப்பிள்ளை மருந்தையே நிறுத்துகிறார், ஆறு மாதத்தில் நோய் திரும்புகிறது, பழி மணப்பெண்ணின் மேல் விழுகிறது.

மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. நெருங்கிய உறவில் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சில பிறவி நோய்கள் கூடுதலாக வருவது உறுதியானது. மனச்சிதைவைப் பொறுத்தவரை, எகிப்தில் நடந்த ஆய்வு ஒன்று தொடர்பைக் காட்டியிருக்கிறது. இரு பக்கமும் ஒரே குடும்பமாக இருந்து, அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே பலருக்கு நோயும் இருந்தால், வெளியில் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே இது தொடங்குகிறதா?

ஒரு பகுதி அங்கே தொடங்குகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி ஜெர்மானிய முற்றுகையால் பட்டினி கிடந்தது. அந்தப் பட்டினியின் உச்சத்தில் கருவான குழந்தைகளுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வந்தது சுமார் இரு மடங்கு. சீனாவில் 1959 முதல் 1961 வரை நிலவிய பெரும் பஞ்சத்தைப் பற்றிய ஆய்வும் அதே இரு மடங்கையே காட்டியது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை மட்டுமே தின்று பிள்ளை சுமந்த பாட்டிமார்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுக்காற்று குறைவது, எடை மிகக் குறைந்து பிறப்பது, கர்ப்பகாலத்தில் தாய்க்குக் கடுமையான தொற்று ஏற்படுவது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. தந்தையின் வயது மிக அதிகமாக இருப்பதும் ஓரளவு கூட்டுகிறது. இவை எதுவும் தாயின் குற்றம் அல்ல. கர்ப்பிணிகள் மாதப் பரிசோதனையைத் தவறவிடாமல் இருக்க, பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போக வேண்டிய நாளில் அதற்கு விடுப்புக் கொடுக்க மறுக்கும் மேலாளரிடம் பேசுவது கணவனின் வேலை, தொழிற்சங்கத்தின் வேலை.

கஞ்சா "வெறும் இலைதானே" என்கிறான் என் மகன். ஷாபு (மெத்தம்பெட்டமின் போதைப்பொருள்) வேறு கதையா?

இளைஞர்களைப் பற்றிய கேள்விகளில் நான் சற்றும் விட்டுக்கொடுக்காத இடம் இது. மரபணுவை நாம் மாற்ற முடியாது. இதை மாற்ற முடியும்.

சுவீடனில் 1969-70இல் இராணுவத்திற்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து, 1987இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தது, புகைக்காதவர்களைப் போல ஆறு மடங்கு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தினமும் கஞ்சா பிடித்தவர்களுக்கு உளப்பிறழ்வு ஆபத்து சுமார் மூன்று மடங்காகவும், வீரியம் மிகுந்த வகையைத் தினமும் பிடித்தவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்காகவும் இருந்தது. பிடித்த எல்லாருக்கும் வருவதில்லை என்று உங்கள் மகன் சொன்னால் அதுவும் உண்மைதான். ஆனால் தன் மங்கு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பதினைந்து பதினாறு வயதில், மூளை இன்னும் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் ஊற்றுகிறான்.

ஷாபு இன்னும் நேரடியானது. பல நாள் தூக்கமில்லாமல் அதை இழுப்பவர்களுக்கு, குடும்பத்தில் எந்த நோயும் இல்லாவிட்டாலும், யாரோ துரத்துவதாகவும் தோலுக்குள் பூச்சி ஊர்வதாகவும் தோன்றும். பலருக்கு நிறுத்தியதும் நாள்களில் அல்லது வாரங்களில் தெளிகிறது. சிலருக்குத் தெளியாமல் நிலைத்துவிடுகிறது. சம்சு என்ற சாராயம், கள்ளு, மலிவு விஸ்கி ஆகியவை பெரும்பாலும் மனச்சோர்வின் பக்கம் தள்ளுகின்றன. துயரத்தை மறக்கக் குடிக்கிறோம் என்பவர்களின் துயரமே குடியால் நீள்கிறது.

தோட்டத்தை விட்டு வெளியேறியதுதான் இதற்கெல்லாம் காரணம் என்கிறார் என் அப்பா. அவர் சொல்வது சரியா?

முழுவதும் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அப்பா கை வைத்திருக்கும் இடம் மிக முக்கியமானது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதைத் தடுக்கத்தான். பிறகு பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்து ஓரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போயின. லய வாழ்க்கையை நான் புகழ மாட்டேன். அங்கே சம்பளம் குறைவு, கூரை ஒழுகும், குடி மிகுதி. ஆனால் அங்கே ஒருத்தி தன் பிள்ளையைப் பறிகொடுத்தால், அன்று மாலையே பத்துப் பெண்கள் அவளுடைய திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

1978இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களைப் பற்றிய ஆய்வை ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான பேரிழப்புக்கு ஆளான பெண்களில் சிலருக்கு மட்டும் ஏன் மனச்சோர்வு வருகிறது என்று தேடியதில், நான்கு நிலைமைகள் தனித்துத் தெரிந்தன: 11 வயதுக்கு முன் தாயை இழந்திருப்பது, 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருப்பது, வெளியில் வேலை இல்லாதது, மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதது. நான்காவதை நான் மீண்டும் மீண்டும் நினைக்கிறேன். ஐந்தாம் மாடியில், மின்தூக்கி பழுதான கட்டடத்தில், கணவர் இரவு ஷிப்டுக்குப் போன வீட்டில், மூன்று சிறு பிள்ளைகளோடு, வேலையும் பேச்சுத்துணையும் இல்லாமல் இருக்கும் நம் பெண்ணிடம் அந்த நான்கில் மூன்று இருக்கின்றன.

உளப்பிறழ்வுக்கும் இதே போன்ற தொடர்பு உண்டு. வடக்கு ஐரோப்பாவில் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாட்டுப்புறத்தாரைவிட ஆபத்து சுமார் இரு மடங்கு. வருமானம் குறைந்த நாடுகளில் இந்த வேறுபாடு அப்படித் தெளிவாகத் தெரிவதில்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றன. தென்லண்டனில் 2001இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் கண்டது: சிறுபான்மையினர் தம் இனத்தவர் மிகக் குறைவாக உள்ள வட்டாரத்தில் வாழும்போது நோய் கூடுகிறது, சேர்ந்து வாழும் இடத்தில் குறைகிறது. இன்று நம் தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களையும் இந்த இடத்தில் நினைக்கிறேன். நம் கொள்ளுத்தாத்தாக்கள் இருந்த நிலையில் அவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளியில் பகடிவதை (சக மாணவர்களின் கேலியும் துன்புறுத்தலும்), வீட்டில் பெல்ட்டால் அடி. இவையெல்லாம் பின்னாளில் நோயாக வருமா?

வரக்கூடும். சிறுவயதில் அடி, பாலியல் துன்புறுத்தல், புறக்கணிப்பு, பகடிவதை ஆகியவற்றுக்கு ஆளானவர்களுக்கு உளப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று பல ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டு 2012இல் வெளிவந்த கட்டுரை கூறியது. மனச்சோர்வுக்கும் இது வலுவான காரணி. "அடித்து வளர்த்ததால்தான் நாங்கள் ஒழுங்காக இருக்கிறோம்" என்பவர்கள், அப்படி வளர்ந்து ஒழுங்காக இல்லாமல் போனவர்களை எண்ணுவதில்லை.

மனச்சோர்வு ஏன் பெண்களுக்கு அதிகம்? இனிப்புநீருக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உலகம் முழுவதும் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. சுரப்புகளின் மாற்றமும் வீட்டுச் சுமையும் வன்முறையும் சேர்ந்தே அதற்குக் காரணம். பிள்ளை பெற்ற ஆயிரம் பேரில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், உளப்பிறழ்வே வருவதுண்டு. தாய் தூங்காமல், தொடர்பில்லாமல் பேசினால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு சுமார் இரு மடங்கு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆகவே இது நம் வீட்டுக் கேள்வி. தைராய்டு குறைவு, இரத்தச்சோகை ஆகியவையும் மனச்சோர்வு போலவே தோன்றும்; ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை மனத்தைப் பாதிக்குமா?

சில வகைப் பூச்சிக்கொல்லிகளால், குறிப்பாக ஆர்கனோபாஸ்பேட் வகையால், நஞ்சேறிய விவசாயிகளிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதை அமெரிக்க ஆய்வுகள் கண்டுள்ளன. முகக்கவசமும் கையுறையும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. மனம் உடைந்தவர் இருக்கும் வீட்டில் எந்த விஷமருந்தும் பூட்டப்படாமல் இருக்கக் கூடாது. பழைய பாட்டில் மூலையில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

செய்வினை, பேய் என்று சொல்கிறார்களே?

நானும் முனீஸ்வரருக்குச் சுருட்டு வைப்பவன்தான். நம்பிக்கையை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் என் அண்ணனை எட்டு மாதம் ஒவ்வொரு சாமியாடியாக அழைத்துச் சென்றோம், அந்த எட்டு மாதமும் நோய் வேரூன்றியது. உளப்பிறழ்வு தொடங்கியதற்கும் முதல் மருந்துக்கும் இடையிலான காலம் நீள நீளக் குணமாவது குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட உண்மை. கோயிலுக்குப் போகும் அதே நாளில் கிளினிக்குக்கும் போகலாம்.

வீட்டில் நாங்கள் பேசும் பேச்சால் இந்த நோய் வருமா?

வராது. ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்கள் சிலரே தாயின் வளர்ப்புதான் மனச்சிதைவை உண்டாக்குகிறது என்று எழுதினார்கள். அது தவறு என்று கைவிடப்பட்டுவிட்டது. ஆனால் நோய் திரும்புவதில் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டு. 1976இல் லண்டனில் வெளியான ஆய்வில், ஓயாத குறைகூறலும் அளவுமீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அமைதியான வீடுகளுக்குத் திரும்பியவர்களில் எட்டில் ஒருவருக்குத்தான். "மருந்து சாப்பிட்டாயா?" என்று ஒரு முறை கேட்பதற்கும் பத்து முறை கேட்பதற்கும் அவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

அறிகுறி தெரிகிறது. நேராகத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. 1911இல் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனையின் பெயரே நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்டதால் பலர் எங்குமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். அங்குள்ள டாக்டரே மனச்சோர்வுக்குச் சிகிச்சை தருவார். தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கோ மெந்தாரி சமூக மனநல மையத்துக்கோ கடிதம் கொடுப்பார். தற்கொலைக்கு முயல்வது 2023 முதல் இந்நாட்டில் குற்றமன்று. ஆகவே போலீசுக்குப் பயந்து யாரையும் வீட்டில் மறைத்து வைக்க வேண்டாம். நெருக்கடியில் 999, பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, என்ன குடிக்கிறார் அல்லது புகைக்கிறார், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது, அவர்களுக்கு எந்த மருந்து பலன் தந்தது. கடைசி வரியைப் பலர் வெட்கத்தால் விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வென்று வந்தவரின் சித்தப்பாவுக்கு இருதுருவ மனநோய் இருந்தது என்று தெரிந்தால், டாக்டர் மருந்தை வேறுவிதமாகத் தேர்ந்தெடுப்பார். பல ஆண்டுகளாக நீங்கள் மறைத்து வைத்த அந்தப் பெயரை அவரிடம் சொல்லுங்கள். அது அவருக்குத் தேவைப்படும்.